விலை குறைந்த மவுன்டன் பைக்கில் பலவீனமான சஸ்பென்ஷனைச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

விலை குறைந்த மவுன்டன் பைக்கின் முன் ஃபோர்க் பெரும்பாலும் மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கும். எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல் இரும்புக் கம்பி மாதிரி நிற்கும். அல்லது சின்னப் பள்ளத்திலேயே முழுதாக அமுங்கி அடியில் போய் ‘டக்’கென்று இடிக்கும். அல்லது அமுங்கின வேகத்திலேயே எகிறி எழுந்து ஹேண்டில்பாரைத் தூக்கிப் போடும். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. உங்கள் பைக்கில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் புது ஃபோர்க் வாங்கினால் பணம்தான் கரையும், ஓட்டம் மாறாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் டயர், அடுத்து சர்வீஸ், அடுத்து ஸ்பிரிங். அதற்கு அப்புறமும் போதவில்லை என்றால்தான் ஃபோர்க்கை மாற்ற யோசிக்க வேண்டும். அப்படி மாற்றும்போதும் இரண்டே வழிகள்தான் காசுக்குத் தகும்: உண்மையான எண்ணெய் டேம்பிங் (ஃபோர்க் துள்ளுவதை எண்ணெயால் அடக்கும் ஏற்பாடு) உள்ள ஃபோர்க், இல்லையென்றால் சஸ்பென்ஷனே இல்லாத ரிஜிட் ஃபோர்க். மலிவு ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு இன்னொரு மலிவு ஃபோர்க்கை மாட்டுவதில் எந்த லாபமும் இல்லை.

ஃபோர்க்குக்குள் என்ன நடக்கிறது

மேலே இருக்கும் பளபளப்பான இரண்டு குழாய்களுக்கு ஸ்டாஞ்சன் என்று பெயர். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கால்கள் இவற்றின்மேல் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவே புஷ் எனப்படும் வளையங்கள் உள்ளன. மலிவு ஃபோர்க்கில் ஸ்டாஞ்சன் 28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாயாக இருக்கும். அடுத்தடுத்த தரங்களில் இது 30, 32 மி.மீ. என்று தடிக்கும். தடித்த குழாய் பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் குறைவாக வளையும்.

பல மலிவு ஃபோர்க்குகளில் ஸ்பிரிங் ஒரு காலில்தான் இருக்கும். மறு காலில் ஃபோர்க் அமுங்காமல் பூட்டிவைக்கும் லாக்அவுட் பொறிமுறை இருக்கலாம், ஒரு ரப்பர் துண்டு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கோளாறின் வேர் இங்கேதான். ஸ்பிரிங்கின் வேலை அடியை வாங்கிச் சேமித்து வைப்பது. சேமித்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவது அதன் இயல்பு. திருப்பிக் கொடுக்கும் வேகத்தை அடக்குவது டேம்பர். சிறு துளைகள் வழியாக எண்ணெயைத் தள்ளும்போது எழும் எதிர்ப்பால், அசைவின் ஆற்றலை அது வெப்பமாக மாற்றிவிடும். டேம்பர் இல்லாத ஃபோர்க்கில் அந்த வேலையைக் குழாய்களின் உராய்வுதான் அரைகுறையாகச் செய்கிறது. கிரீஸ் காய்ந்து உராய்வு கூடினால் ஃபோர்க் இறுகிப்போகும். கிரீஸ் தாராளமாக இருந்தால் துள்ளும்.

1989-இல் பால் டர்னரின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஆர்எஸ்-1 ஃபோர்க்கின் டிராவல், அதாவது அமுங்கும் தூரம், சுமார் 50 மி.மீ. மட்டுமே. ஆனால் அதில் எண்ணெய் டேம்பிங் இருந்தது. இன்றைய மலிவு ஃபோர்க்கில் 100 மி.மீ. டிராவல் இருந்தும் கை வலிப்பதற்குக் காரணம் அந்த ஒரு பாகம் இல்லாததுதான். எனவே விளம்பரத்தில் டிராவல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மேல் மூடியில் இருக்கும் ப்ரீலோட் குமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் அதைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்புகிறார்கள். கடினம் மாறுவதில்லை. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைப்பதால் ஃபோர்க் அமுங்கத் தொடங்கத் தேவையான விசை மட்டும் கூடும். அதன் பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கூடும் எதிர்ப்பு பழைய அளவுதான். கனமான ஆள் குமிழை முழுக்கத் திருகியும் ஃபோர்க் அடியில் இடிப்பதற்கு இதுவே காரணம். அவருக்கு வேண்டியது கடினமான வேறு ஸ்பிரிங்.

வாங்குவதற்கு முன் சோதனை

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஏதாவது ஆட்டம் தெரிந்தால், மறு கையின் விரலை ஹெட்செட்டில், அதாவது ஃபிரேமும் ஃபோர்க்கும் சேரும் பேரிங் இருக்கும் இடத்தில், வைத்துப் பாருங்கள். அங்கே அசைவு தெரிந்தால் ஹெட்செட்டை இறுக்கினாலே போதும், ஃபோர்க்மேல் பழியில்லை. கீழ்க்காலின் மேல் விளிம்பில் மண் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் அருகே அசைவு தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. மலிவு ஃபோர்க்குக்குப் புது புஷ் கிடைப்பது அரிது, போட்டாலும் கூலி கட்டுப்படியாகாது. ஃபோர்க்கையே மாற்றிவிடுவதுதான் சரி.

ஸ்டாஞ்சன்மேல் விரல் நகத்தால் தடவுங்கள். துருப் புள்ளிகளோ ஆழமான கீறலோ நகத்தில் மாட்டினால் அது சீலைத் தொடர்ந்து கிழித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஸாக். நீங்கள் ஏறி உட்கார்ந்தவுடன், அடி எதுவும் படாமல், உங்கள் எடைக்கு மட்டும் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதே ஸாக். ஸ்டாஞ்சனில் ஒரு கேபிள் டையை லேசாகக் கட்டி சீல் வரை இறக்கி வையுங்கள். மெதுவாக ஏறி, ஓட்டும் நிலையில் அமர்ந்து, குதிக்காமல் இறங்குங்கள். டை நகர்ந்த தூரம் டிராவலில் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100 மி.மீ. ஃபோர்க்கில் 15 முதல் 25 மி.மீ. டை அசையவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம், அல்லது உள்ளே காய்ந்து கிடக்கிறது. 40 மி.மீ. போய்விட்டால் ஸ்பிரிங் உங்களுக்குப் பலவீனம்.

கடைசியாக ஃபிரேமைப் பாருங்கள். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஹெட் டியூபும் (ஃபோர்க்கின் மேற்குழாய் நுழையும் ஃபிரேமின் முன் குழாய்) கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கைத் துணியால் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். பெயின்டில் மயிரிழை விரிசல், வீக்கம், சுருக்கம் எது தெரிந்தாலும் அந்த ஃபிரேமில் ஒரு காசுகூடப் போடாதீர்கள். கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை ஃபிரேமிலோ ஃபோர்க்கிலோ ஒட்டியிருந்தால் அதையும் மதிக்க வேண்டும். நல்ல ஃபோர்க் போட்டதும் வேகம் தானாகக் கூடும். ஃபிரேமின் பலம் கூடாது.

முதலில் டயர்

சஸ்பென்ஷனை மேம்படுத்த மிகக் குறைந்த செலவு டயரில்தான் ஆகும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 65 பிஎஸ்ஐ போன்ற எண் உச்ச வரம்பு. பலர் அந்த அளவுக்கே காற்றடித்து ஓட்டிவிட்டு ஃபோர்க்கைத் திட்டுகிறார்கள். சுமார் 70 கிலோ எடையுள்ளவர், ட்யூப் உள்ள 2.2 அங்குல டயரில் 30 பிஎஸ்ஐ சுற்றளவில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 2 பிஎஸ்ஐ ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். கல்லில் ஏறும்போது ரிம் தட்டுவது தெரிந்தால் காற்று குறைவு. அப்படியே ஓட்டினால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரட்டை ஓட்டையாகும்.

பைக்கோடு வந்த டயர் 1.95 அங்குலம் என்றால், ஃபோர்க்கிலும் பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஓடும் செயின்ஸ்டே குழாய்களிலும் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு 2.25 அங்குலத்துக்குப் போகலாம். இரு பக்கமும் குறைந்தது 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். சின்னச் சின்ன அதிர்வை அகலமான டயர் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு எந்த மலிவு ஃபோர்க்கும் வாங்காது.

இருக்கும் ஃபோர்க்கைப் பிரித்து சர்வீஸ் செய்தல்

தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பல மலிவு ஃபோர்க்குகளில் கிரீஸ் மிகக் குறைவு. இறுகிப்போன ஃபோர்க் பாதிக்குமேல் உயிர்பெறுவது இந்த சர்வீஸில்தான், அதனால் பொறுமையாகச் செய்யுங்கள். ஆலன் கீ தொகுப்பு, சாக்கெட், பஞ்சு வராத துணி, சஸ்பென்ஷனுக்கென்றே விற்கும் கிரீஸ் ஆகியவை போதும்.

முன் சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பரை ஹோஸோடு சேர்த்து ஃபிரேமில் கட்டித் தொங்கவிடலாம். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரை அழுத்தக் கூடாது. லாக்அவுட்டைத் திறந்து, ப்ரீலோட் குமிழை முழுக்கத் தளர்த்துங்கள்.

ஃபோர்க்கின் இரு கால்களின் அடியிலும் போல்ட்டோ நட்டோ இருக்கும். ஆலன் கீ நுழைவதாகவும் இருக்கலாம், உள்ளே ஆழத்தில் சாக்கெட்டால் மட்டும் எட்டுவதாகவும் இருக்கலாம். போல்ட் சுற்றிக்கொண்டே இருந்து கழலவில்லை என்றால் உள்ளே இருக்கும் கம்பியும் சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். ஃபோர்க்கை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருகினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முழுதும் கழற்றும் முன், சில சுற்றுகள் தளர்த்தியதும் பிளாஸ்டிக் சுத்தியலால் போல்ட் தலையில் லேசாகத் தட்டினால் கம்பி கீழ்க்காலிலிருந்து விடுபடும். அடியில் போல்ட்டே இல்லாத வகையும் உண்டு. அதை வீட்டில் பிரிக்க முயல வேண்டாம்.

போல்ட்கள் வந்ததும் கீழ்க்கால்களை இரண்டு கையாலும் நேராகக் கீழே இழுங்கள். உள்ளே வரும் கறுப்புக் கசடைப் பார்த்ததும் ஃபோர்க் ஏன் இறுகியது என்பது விளங்கிவிடும். ஸ்டாஞ்சன், சீல், புஷ் எல்லாவற்றையும் துடையுங்கள். துணியைக் குச்சியில் சுற்றி கீழ்க்காலின் அடிவரை விட்டுத் துடைக்க வேண்டும், ஏனென்றால் கீழ்ப் புஷ் ஆழத்தில் இருக்கிறது. பிறகு மேல், கீழ் புஷ்களிலும் சீலின் உள் உதட்டிலும் தாராளமாக கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்திருந்தால் அதன்மேலும் ஒரு பூச்சு. குழாய்க்குள் உரசிக் கரகரக்கும் சத்தம் நின்றுவிடும்.

கீழ்க்கால்களை ஏற்றும்போது சீலின் உதடு மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடி போல்ட்களைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். கைக்குக் கிடைத்த பலத்தையெல்லாம் போட்டால் உள்ளே இருக்கும் மரை பிய்ந்துவிடும். கடைசியில் ஃபோர்க்கைப் பல தடவை அமுக்கி எடுத்து, வெளியே பிதுங்கும் கிரீஸைத் துடைத்துவிடுங்கள். சீலில் எண்ணெய் விடுவதற்குச் சங்கிலி எண்ணெய் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தாதீர்கள். அது உள்ளே போய் கிரீஸைக் கரைக்கும், மண்ணையும் ஒட்டவைக்கும்.

சர்வீஸுக்கு அப்புறம் ஸாக்கை மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு இன்னும் தப்பாக இருந்தால் ஸ்பிரிங் மாற்றம். சில தயாரிப்பாளர்கள் ஓட்டுபவரின் எடைக்கேற்ப மென்மை, நடுத்தரம், கடினம் என்று தனி ஸ்பிரிங் விற்கிறார்கள். உங்கள் ஃபோர்க்கின் துல்லியமான மாடலுக்கும் டிராவலுக்கும் உரியதைத்தான் வாங்க வேண்டும். நீளம் சில மில்லிமீட்டர் மாறினாலும் மூடி மாட்டாது. மூடியைத் திறக்கும்போது முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள், ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்.

மாற்றுவது என்று முடிவானால்: அளவுகள்

புது ஃபோர்க் வாங்கி ஏமாறுபவர்களில் பெரும்பாலானோர் தரத்தில் ஏமாறுவதில்லை, அளவில்தான் ஏமாறுகிறார்கள். டேப்பும் வெர்னியர் காலிப்பரும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஸ்டீயரர், அதாவது ஹெட் டியூபுக்குள் ஏறும் குழாய். இதில் மரை போட்டது, மரை இல்லாதது என்று இரண்டு வகை. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்களால் குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடித்திருந்தால் மரை இல்லாத வகை. ஸ்டெம் ஒற்றைத் தண்டாகக் குழாய்க்குள் இறங்கி, அதன் கீழே பெரிய நட்டு தெரிந்தால் மரை போட்ட வகை. உள்ளே இறங்கும் தண்டின் விட்டம் 22.2 மி.மீ. என்றால் ஸ்டீயரர் 1 அங்குலம்; 25.4 மி.மீ. என்றால் 1⅛ அங்குலம்.

இது ஏன் முக்கியம் என்றால், இன்று விற்கும் நல்ல ஃபோர்க்குகள் எல்லாம் 1⅛ அங்குல மரையில்லா நேர்க்குழாய், அல்லது அடியில் 1½ அங்குலமாக அகலும் டேப்பர் குழாய். உங்கள் பைக் 1⅛ அங்குல மரை வகை என்றால் ஹெட்செட்டையும் ஸ்டெம்மையும் சேர்த்து மாற்றி மரையில்லா ஃபோர்க்குக்கு வந்துவிடலாம். ஹெட்செட்டின் பேரிங்கைத் தாங்கும் கப் அமரும் துளை இரண்டுக்கும் ஒன்றுதான், சுமார் 34 மி.மீ. ஆனால் 1 அங்குல ஹெட் டியூபின் துளை சுமார் 30 மி.மீ. அதற்குள் 28.6 மி.மீ. (1⅛ அங்குல) குழாயும் பேரிங்கும் சேர்ந்து அடங்காது. அந்த ஃபிரேமில் சஸ்பென்ஷன் மாற்றும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. அதேபோல 34 மி.மீ. துளையுள்ள நேர் ஹெட் டியூபில் டேப்பர் ஃபோர்க் ஏறாது. 44 மி.மீ. துளை இருந்தால், வெளியே அமரும் கீழ்க்கப்போடு டேப்பர் ஏறும்.

ஸ்டீயரரின் நீளம் அடுத்தது. ஹெட் டியூப் நீளம், ஹெட்செட் கப்களின் உயரம், ஸ்பேசர்கள், ஸ்டெம் கவ்வும் உயரம் நான்கையும் கூட்டுங்கள். 120, 25, 15, 40 என்றால் மொத்தம் 200 மி.மீ. பயன்படுத்திய ஃபோர்க் வாங்கும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நீளமான குழாயை வெட்டலாம், குட்டையானதை நீட்ட வழியே இல்லை.

சக்கரம் 26, 27.5, 29 அங்குலம் எதுவோ அதற்குரிய ஃபோர்க். அச்சில் பெரும்பாலான மலிவு பைக்குகள் 100 மி.மீ. அகலம், 9 மி.மீ. விட்டமுள்ள குவிக் ரிலீஸ் வகை. 15 மி.மீ. த்ரூ ஆக்ஸில் (ஃபோர்க்கின் துளைகளை ஊடுருவிச் செல்லும் தடித்த அச்சு) ஃபோர்க் வாங்கினால் சக்கரத்தின் நடுப்பகுதியான முன் ஹப்பையும் மாற்ற வேண்டிவரும். நட்டு போட்ட கட்டி அச்சு என்றால் அளந்து பாருங்கள், 9.5 மி.மீ. அச்சு 9 மி.மீ. பள்ளத்தில் இறங்காது.

பிரேக் விஷயத்தில் கவனம். ரிம்மைக் கவ்வும் வி-பிரேக் உள்ள பைக்கில் டிஸ்க் மட்டும் ஏற்கும் ஃபோர்க்கைப் போட்டால் டிஸ்க் ஹப் உள்ள சக்கரம், ரோட்டார், காலிப்பர் எல்லாம் புதிதாக வேண்டும். ஃபோர்க்கின் விலைக்கு மேல் இன்னொரு செலவு அது. கேபிள் டிஸ்க் என்றால், வி-பிரேக் லீவர் அதிகக் கேபிள் இழுக்கும் வகை என்பதால் அதற்கேற்ற காலிப்பரையே வாங்குங்கள்.

கடைசி அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: அச்சின் நடுவிலிருந்து, இரு ஸ்டாஞ்சன்களையும் மேலே இணைக்கும் கிரவுனின் மேற்புறம்வரை உள்ள உயரம். இது ஏறக்குறைய 20 மி.மீ. கூடினால் ஹெட் டியூபின் சாய்வு சுமார் 1 டிகிரி தளரும். ஸ்டீயரிங் மந்தமாகும், முன்பக்கம் உயரும், ஹெட் டியூபின் வெல்டிங்மேல் நெம்பும் விசை கூடும். மலிவு ஃபிரேம் வடிவமைக்கப்பட்டது 80 அல்லது 100 மி.மீ. டிராவலுக்கு. பழைய உயரத்திலிருந்து 20 மி.மீ.க்குள் இருங்கள், 140 மி.மீ. ஃபோர்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எதை வாங்குவது

காற்று ஸ்பிரிங்கும் எண்ணெய் டேம்பிங்கும் உள்ள ஆரம்பநிலை ஃபோர்க் முதல் வழி. எடைக்கேற்ப காற்றை ஏற்றி இறக்கலாம் என்பதால் ஸ்பிரிங் தேடி அலைய வேண்டியதில்லை. மலிவு எஃகு ஸ்பிரிங் ஃபோர்க் 2.5 கிலோவைத் தொடும். இவை பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்யுங்கள்: ரீபவுண்ட் குமிழ். பெரும்பாலும் வலது காலின் அடியில் சிவப்பு நிறத்தில் இருக்கும். அது இல்லாத ஃபோர்க்கில் திரும்பி எழும் வேகத்தை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது.

ரிஜிட் ஃபோர்க் இரண்டாவது வழி. சாலை, மண்பாதை, எளிய காட்டுப்பாதை என்று ஓட்டுபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். எஃகு ரிஜிட் ஃபோர்க்கே 1 முதல் 1.3 கிலோதான், ஆக முன்பக்கத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைகிறது. சர்வீஸ் கிடையாது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்காது, ஏற்றத்தில் மிதிப்பது வீணாகாது. அகலமான டயரோடு சேர்ந்தால் டேம்பிங் இல்லாத ஃபோர்க்கைவிடக் கட்டுப்பாடு அதிகம். இதிலும் உயரத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஃபோர்க் 470 மி.மீ. என்றால், ஓட்டும்போது அது ஸாக்கில் சுமார் 20 மி.மீ. அமுங்கியிருக்கும்; எனவே 450 மி.மீ. ரிஜிட் ஃபோர்க் சரியாகப் பொருந்தும். சஸ்பென்ஷன் பைக்குக்கென்றே உயரம் கூட்டிச் செய்தவை கிடைக்கின்றன.

பயன்படுத்திய நல்ல ஃபோர்க் மூன்றாவது வழி. ஸ்டாஞ்சனின் பூச்சு சீல் அருகே தேய்ந்து வெளுத்திருக்கிறதா, புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா, காற்று ஒருநாள் நிற்கிறதா என்று பாருங்கள். 26 அங்குல ஃபோர்க்குகள் புதிதாகக் குறைந்துவிட்டதால், அந்தச் சக்கரம் வைத்திருப்பவருக்கு இதுவே நடைமுறையில் சிறந்த வழி.

எந்த வழியிலும் ஒரு கணக்கு போடுங்கள். ஃபோர்க், ஹெட்செட், ஸ்டெம், பிரேக் எல்லாம் சேர்ந்து பைக்கின் மதிப்பில் பாதியைத் தாண்டினால், அந்தப் பணத்தோடு இருக்கும் பைக்கையும் விற்று நல்ல ஃபிரேமுள்ள பைக்காகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஃபோர்க்கை மாட்டும் முறை

பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரம், பிரேக் இரண்டையும் எடுங்கள். ஸ்டெம்மின் மேல் மூடி போல்ட்டைக் கழற்றி, பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்துங்கள். இந்த நேரத்தில் ஒரு கை ஃபோர்க்கைப் பிடித்திருக்கட்டும், இல்லையென்றால் கீழே விழுந்துவிடும். ஸ்பேசர், பேரிங், வளையம் ஒவ்வொன்றும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துவையுங்கள். பேரிங்கைத் தலைகீழாகப் போடுவதால்தான் பாதி ஹெட்செட்கள் கரகரக்கின்றன.

பழைய ஃபோர்க்கில் ஸ்டீயரரின் அடியில், கிரவுன்மேல் இறுகி அமர்ந்திருக்கும் வளையம் கிரவுன் ரேஸ். அதைப் புதிய ஃபோர்க்குக்கு மாற்ற வேண்டும். தட்டையான ஸ்க்ரூடிரைவரை ரேஸின் அடியில் வைத்து, சுற்றிச் சுற்றி இடம் மாற்றி மெதுவாகத் தட்டி எழுப்புங்கள். ஒரே இடத்தில் அடித்தால் கோணி மாட்டிக்கொள்ளும். புது ஃபோர்க்கில் ஏற்றும்போது ஸ்டீயரர்மேல் நுழையும் அளவுள்ள நீளமான பைப்பை ரேஸ்மேல் வைத்துத் தட்டுங்கள். கிரவுனோடு முழுக்க ஒட்டி அமர்ந்ததும் தட்டும் சத்தம் மாறும். ஒரு பக்கம் வெட்டுள்ள ரேஸ் என்றால் கையாலேயே ஏறிவிடும்.

இப்போது ஃபோர்க்கை ஹெட் டியூபில் ஏற்றி, பேரிங், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாம் போட்டு ஸ்டெம்மின் மேல் விளிம்பில் குறியிடுங்கள். வெட்ட வேண்டியது அந்தக் குறிக்கு 3 மி.மீ. கீழே, மேல் மூடி அழுத்த அந்த இடைவெளி வேண்டும். ஹேண்டில்பார் உயரம் பிடிபடும்வரை ஸ்டெம்முக்கு மேலே 10 மி.மீ. ஸ்பேசர் விட்டு, அதைச் சேர்த்து அளந்து வெட்டுவதே என் ஆலோசனை. பழைய ஸ்டெம்மை வெட்ட வேண்டிய இடத்தில் இறுக்கி அதன் விளிம்பை வழிகாட்டியாக வைத்து இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்தால் வெட்டு நேராக வரும். பிசிறை உள்ளும் வெளியும் அரத்தால் தேய்த்து எடுங்கள்.

மேல் மூடி போல்ட் பூட்டும் ஸ்டார் நட்டை ஸ்டீயரருக்குள் விளிம்பிலிருந்து சுமார் 15 மி.மீ. ஆழத்துக்கு நேராக இறக்க வேண்டும். அதன் மரையில் நீளமான போல்ட்டைப் பூட்டி, போல்ட் தலையைத் தட்டி இறக்கலாம். ஆனால் கோணாமல் இறங்க அதற்குரிய கருவி இருந்தால் நிம்மதி.

பேரிங்குகளில் கிரீஸ் வைத்து எல்லாவற்றையும் மாட்டுங்கள். வரிசை மிக முக்கியம். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்கள் தளர்வாக இருக்கும்போதே மேல் மூடியை, ஆட்டம் போகும்வரை மட்டும் இறுக்குங்கள். ஹேண்டில்பார் தடையின்றித் திரும்ப வேண்டும். அப்புறம் ஸ்டெம்மை சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்கவாட்டு போல்ட்களை மாறி மாறி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ஸ்டெம்மில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதுவே சட்டம். முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டும் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

டிஸ்க் காலிப்பரை மாட்டும்போது, போல்ட்களைத் தளர்வாக வைத்து லீவரை அழுத்திப் பிடித்தபடி இறுக்கினால் ரோட்டாருக்கு நடுவில் அமரும். குவிக் ரிலீஸ் உள்ள ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது உருவாகும் விசை அச்சைப் பள்ளத்திலிருந்து வெளியே தள்ளப் பார்க்கும். அதனால் குவிக் ரிலீஸ் லீவரை உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தி மூடுங்கள். ஃபோர்க்கின் நுனியில் இருக்கும் தடுப்பு விளிம்புகளை ஒருபோதும் அரத்தால் தேய்க்காதீர்கள்.

காற்றும் ரீபவுண்டும்

காற்று ஃபோர்க்குக்குத் தனி ஷாக் பம்ப் வேண்டும். டயர் பம்பால் நிரப்பக் கூடாது. ஃபோர்க்கின் பின்புறத்திலோ கையேட்டிலோ இருக்கும் எடை அட்டவணையில் தொடங்கி, முன்பு சொன்ன கேபிள் டை முறையில் ஸாக்கை அளந்து 20 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். பம்பைத் திரும்ப மாட்டும்போது எண் குறைந்து தெரியும். ஃபோர்க்கில் இருக்கும் காற்று பம்பின் குழலையும் நிரப்புவதால் வரும் குறைவு அது, கசிவு என்று பயப்பட வேண்டாம்.

ரீபவுண்டை முழுக்கத் திறந்து, ஒரு சிறு படியிலிருந்து உட்கார்ந்தபடி மெதுவாக இறங்குங்கள். முன்பக்கம் எழுந்து மறுபடி ஆடினால் ஒரு கிளிக் மூடுங்கள். ஒருமுறை எழுந்து அப்படியே நின்றால் சரி. அளவுக்கு மீறி மூடினால், தொடர்ந்து மேடு வரும் இடத்தில் ஃபோர்க் முழுதாக எழ நேரம் கிடைக்காமல் படிப்படியாக அமுங்கிக் கடினமாகிவிடும்.

பின் ஷாக் உள்ள பைக் என்றால்

விலை குறைந்த ஃபுல் சஸ்பென்ஷன் பைக்கின் பின் ஷாக் பெரும்பாலும் டேம்பிங் இல்லாத வெறும் ஸ்பிரிங்தான். முதலில் ஃபிரேமின் பின்பகுதி அசையும் மூட்டுகளான பிவட்களின் போல்ட்களைப் பாருங்கள். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் பிவட்டில் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் புது ஷாக் எதையும் சரிசெய்யாது. பிவட் புஷ்தான் முதல் வேலை.

பிவட் நன்றாக இருந்தால், ஷாக்கின் இரு துளைகளின் நடுவே உள்ள நீளம், தண்டு அமுங்கும் தூரம், போல்ட்டின் விட்டம், துளை அமரும் அகலம் நான்கையும் அளந்து அதே அளவில் எண்ணெய் டேம்பிங் உள்ளதைத் தேடுங்கள். நீளம் கூடினால் பின்பக்கம் தூக்கும். அமுங்கும் தூரம் கூடினால் டயர் ஃபிரேமில் இடிக்கும்.

ஸ்பிரிங்கின் கடினம் அதன்மேலேயே 550, 750 என்று எழுதியிருக்கும். ஓர் அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு வேண்டும் என்பது அந்த எண். கணக்கு இப்படி. சக்கரம் 95 மி.மீ. நகர ஷாக் 38 மி.மீ. அமுங்கினால் நெம்பு விகிதம் 2.5. ஆளும் பையும் சேர்ந்து 75 கிலோ என்றால் பின்பக்கம் விழுவது ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 45 கிலோ, கிட்டத்தட்ட 99 பவுண்டு. 2.5-ஆல் பெருக்கினால் ஷாக்கின்மேல் சுமார் 248 பவுண்டு. 38 மி.மீ. என்பது 1.5 அங்குலம், 30 சதவீத ஸாக் என்றால் 0.45 அங்குலம். 248-ஐ 0.45-ஆல் வகுத்தால் 551. ஆக 550 எண்ணுள்ள ஸ்பிரிங். இதே ஆள் 850 ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருந்தால் பின் சஸ்பென்ஷன் வேலை செய்யாததுபோல் தோன்றுவதில் வியப்பில்லை.

முதல் ஓட்டங்களுக்குப் பிறகு

முதல் ஓட்டம் வேகம் குறைவாக, சமதளத்தில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் ஹெட்செட் ஆட்டம், ஸ்டெம் போல்ட், காலிப்பர் போல்ட், அச்சு நான்கையும் பாருங்கள். கிரவுன் ரேஸும் கப்பும் சற்றே அமர்ந்துகொள்வதால் ஹெட்செட் முதல் சில ஓட்டங்களில் லேசாகத் தளர்வது வழக்கம். பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்தி, மேல் மூடியைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி பூட்டினால் போதும்.

அதன் பிறகு, ஓட்டி முடித்ததும் ஸ்டாஞ்சனை உலர்ந்த துணியால் துடைப்பது பழக்கமாகட்டும். கழுவும்போது சீலை நோக்கி அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். பல தயாரிப்பாளர்கள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால் சர்வீஸ் சொல்கிறார்கள். மழையிலும் சேற்றிலும் ஓட்டினால் அதற்கு முன்பே செய்யுங்கள். ஃபிரேமின் ஹெட் டியூப் வெல்டிங்கையும் அதே நாளில் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.